சாம்பல் நிறப் பட்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த பெரிய மாமா வழியாக எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஸோர்க்கி-4. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு எழுந்தது. 1962இல் மின்சாரம் வரத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். ஊர் திரும்பும்போது கையில் இருந்த சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். மாமாவின் பங்குக்கு ஒரு கேமரா. அத்தை அதை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினாள். 80களின் தொடக்கத்தில் ஒரு லீவுக்குப் போயிருந்தபோது மாமா அதை எடுத்து நீட்டினார். "ஸ்டுடியோ ஸ்டுடியோவாப் போய் நிக்கிறியாம்ல. இதை வச்சுக்க மாப்ள. எனக்கு இதுல பாதி புரியல, மீதி மறந்துபோச்சு."

பழுப்புத் தோல் உறை, உள்ளே செங்கல் கனத்தில் ஓர் இரும்புச் சாமான். கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் சின்னமான பட்டகமும் அதை ஊடுருவிச் செல்லும் கோடும் பொறித்திருந்தன. எண் 64 என்று தொடங்கியது. அந்த ஆலையின் கேமராக்களில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். பேட்டரி கிடையாது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. பிலிம் சுற்றுவதற்கு நெம்புகோல்கூட இல்லை, ஒரு குமிழ்தான். உறைக்குள் மாமாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "முதலில் சுற்று. பிறகு நம்பரை மாற்று." ரஷ்யக்காரர் சொல்லிக் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். ஸோர்க்கி வைத்திருப்பவர்களுக்கு இது வேதவாக்கு. பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முறை மாறினால் உள்ளே பற்சக்கரம் கெடும். பட்டனை அழுத்தும்போது வேகச் சக்கரம் தானும் சுழலும். விரல் பட்டால் வேகம் தப்பிவிடும். எந்திரத்துக்கென்று இப்படி ஆசாரங்கள் இருப்பது அந்த வயதில் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் ரோலைக் கழுவியபோது ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். சென்னையில் ஒரு வயதான கேமரா மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கழற்றி, முதுகுப் பலகையை எடுத்து, இருட்டில் ஒரு பல்புக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ஷட்டர் துணியில் ஊசி குத்தியதுபோல் இரண்டு ஓட்டை. "வெயில்ல வானத்தைப் பாக்க வச்சிருக்காங்க தம்பி. லென்ஸ் பூதக்கண்ணாடிதானே, சுட்டுடுச்சு." மாமா வீட்டுப் பிள்ளைகள் எந்தத் திண்ணையில் எப்போது மல்லாத்தி வைத்தார்களோ. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் நடுவில் கண்ணாடி நின்று துணியைக் காக்கும். ஸோர்க்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் துணி ஷட்டருக்கும் இடையே காற்று மட்டும்தான். மாஸ்கோவில் இது பெரிய ஆபத்தாக இருக்காது. நெய்வேலி மே மாதத்துக்கு அதைச் செய்தவர்கள் கணக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை. மெக்கானிக் கறுப்பு ரப்பர்ப் பூச்சை மிக மெல்லியதாகத் தொட்டு ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தார். தடிமனாகப் பூசினால் துணி விறைத்து வேகம் மாறிவிடுமாம்.

மூடி போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸில் மூடி இருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். ஒரு கல்யாணம் முழுவதையும் மூடியோடு எடுத்து முடித்தவர்களின் கதை எல்லா ஊர் ஸ்டுடியோக்களிலும் உண்டு. மூடினால் வெற்றுப் பிலிம், திறந்தால் ஓட்டை. நான் லென்ஸை எப்போதும் தரையைப் பார்க்கத் தொங்கவிடப் பழகிக்கொண்டேன். இன்றும் கேமராவைத் தோளில் மாட்டினால் கை அதைத் தானாகக் குப்புறத் திருப்புகிறது.

அந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமராவின் முன்புறம் இரண்டு கண்ணாடித் துளைகள். ஒன்றின் வழியாக நேரே பார்க்கிறோம். சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மற்றதிலிருந்து வரும் பிம்பம் உள்ளே திரும்பி, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு மங்கலான திட்டாக வந்து விழும். லென்ஸைத் திருப்பத் திருப்பத் திட்டுக்குள் இருப்பது பக்கவாட்டில் நகரும். தூணுக்கு இரண்டு விளிம்பு தெரிந்தால் போகஸ் ஆகவில்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சரி. இரண்டு கண்களை வைத்துக்கொண்டு நாம் தூரத்தை உணர்வதும் இந்தக் கணக்கில்தான். செங்குத்தான கோடு எதுவும் இல்லாத பொருள் என்றால் திட்டு திணறும். படுத்திருக்கும் மாட்டின் முதுகு, கிடைக்கோடு போட்ட சேலை, இவற்றில் எதை எதோடு சேர்ப்பது? அப்போது பக்கத்தில் ஒரு கதவு நிலையோ ஆளின் காதோரமோ தேடிப் பிடிக்க வேண்டும்.

என் நண்பனிடம் அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000 இருந்தது. நல்ல ரிஃப்ளெக்ஸ் கேமரா. லென்ஸ் பார்ப்பதை அப்படியே பார்க்கலாம், போகஸ் விலகினால் விலகியதாகவே தெரியும். நான் அதைப் பொறாமையோடுதான் வாங்கிப் பார்த்தேன். சில படங்கள் எடுத்த பிறகு ஒன்று உறைத்தது. பட்டனை அழுத்தியதும் உள்ளே கண்ணாடி மேலே எழும்புகிறது, அந்தக் கணம் ஜன்னல் இருண்டுவிடுகிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது எதிரே இருப்பவர் அடுத்த முகத்துக்குப் போய்விட்டார். பிலிமில் எந்த முகம் விழுந்ததோ அதை எடுத்தவன் பார்த்திருக்கவே மாட்டான். ஸோர்க்கியில் ஜன்னல் இருளாது. ஷட்டர் திறந்து மூடும் நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் சிமிட்டிவிட்டாரா, குறுக்கே சைக்கிள் வந்துவிட்டதா என்பது அப்போதே தெரிந்துவிடும். இடது கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டால் அடுத்த நொடி யார் படத்துக்குள் நுழையப் போகிறார் என்பதுகூடத் தெரியும்.

இதற்கு விலையும் உண்டு. ஜன்னல் லென்ஸுக்கு மேலே, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால், அதாவது அந்த லென்ஸ் அனுமதிக்கும் ஒரு மீட்டர் எல்லைக்கு அருகே, ஜன்னலில் முழுதாகத் தெரிந்த தலை பிலிமில் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும். கேமராவை ஒரு விரல்கடை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஜன்னலில் எல்லாமே துல்லியம் என்பதால் எது மங்கும், எது நிற்கும் என்பதை மனதுக்குள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஆக, இந்தக் கேமராவில் கண் ஒன்று பார்க்கிறது, பிலிம் வேறொன்று பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து போகும், ஒன்றாகிவிடாது. கறுப்பு வெள்ளை பிலிம் போட்டால் இடைவெளி இன்னும் அகலம். ஜன்னலில் தெரிவது வண்ணம், பிலிமில் விழுவது சாம்பல்.

சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளைக் கால் நூற்றாண்டு படமெடுத்த நிமாய் கோஷ் தொடங்கியதும் ஒரு ரேஞ்ச்ஃபைண்டரில்தான். யாரோ டாக்ஸியில் விட்டுப்போன கேனனெட் க்யூஎல்17 ஒன்று நண்பர் கைக்கு வந்தது. அந்த நண்பர் இவருக்கு 240 ரூபாய் தர வேண்டியிருந்தது. கடனுக்குக் கேமரா என்று கணக்குத் தீர்ந்தது. நாடக நடிகராக இருந்தவர் அதை எடுத்துக்கொண்டு ராம்பூர்ஹாட்டில் ராய் எடுத்துக்கொண்டிருந்த படத்தைப் பார்க்கப் போனார். கடைசிவரை ஃப்ளாஷைத் தவிர்த்து, இருக்கிற வெளிச்சத்தையே நம்பினார். (நம் ஊரில் 'பாதை தெரியுது பார்' எடுத்த நிமாய் கோஷ் வேறு ஒருவர். இருவரையும் குழப்பிக்கொண்டு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.) அந்த 240 ரூபாய்க் கதையைப் படித்தபோது மாமாவின் பீரோவுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

பிலிம் கிடைப்பதுதான் பாடு. ஊட்டி இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் பிரெஞ்சுக் கூட்டுறவோடு தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. தூசி குறைந்த குளிர்ந்த காற்றுக்காகவே மலைமேல் கட்டினார்கள். ஸ்டுடியோக்களில் 'இந்து' என்ற பெயர் எழுதிய அட்டைகள் அடுக்கியிருக்கும். நான் அதிகம் போட்டது கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ என்பி22, 125 ஏஎஸ்ஏ. வோல்ஃபன் ஊர் ஆலையில் செய்தது. போருக்கு முன் அது அக்ஃபாவின் ஆலை, 1964இல்தான் ஓர்வோ என்று பெயர் மாறியது. நூறு அடி டின்னாக வாங்கி இருட்டில் வெட்டிப் பழைய கூடுகளில் சுற்றிக்கொண்டால் பதினெட்டு, பத்தொன்பது ரோல் தேறும். நாங்கள் மூன்று பேர் பணம் போட்டு ஒரு டின் வாங்குவோம். ஆக ரஷ்யக் கேமரா, ஜெர்மன் பிலிம், ஊட்டிக் காகிதம். என் அரசியல் அந்தக் காலத்தில் இதைவிடக் குழப்பமாக இருந்தது.

மீட்டர் இல்லாததால் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஏஎஸ்ஏ எண்ணுக்கு அருகில். 125 பிலிமுக்கு 1/125. இது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. எங்கள் மதுரையில் அப்படியே போட்டால் சுவர் நன்றாக வரும், மனிதர்கள் வரமாட்டார்கள். உச்சிவெயில் நெற்றியில் அடிக்கும், கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. வெள்ளை வேட்டி எரியும், அதைக் கட்டியவரின் முகம் அடுப்புக்கரியாகப் போகும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மேலமாசி வீதிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். "வேட்டிய விடு. மூஞ்சில நிழல் எங்க விழுதோ அங்கதான் நீ பாக்கணும். நிழலுக்கு எடு, கழுவுறப்ப வேட்டியப் பாத்துக்கலாம்." ஒரு ஸ்டாப், சில நேரம் இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து எடுத்து, டெவலப்பரில் நேரத்தைக் குறைப்பது அவர் வழி.

அதே பெரியவரோடு எனக்கு ஒத்துவராத விஷயம் ஒன்று உண்டு. பிரிண்ட் போடும்போது எல்லா முகத்தையும் அவர் வெளுத்துவிடுவார். நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து, ஹார்டு பேப்பரில் போட்டு, உழுகிறவரையும் உத்தியோகஸ்தராக்குவார். வாடிக்கையாளர் கேட்டார்கள், அவர் செய்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கறுப்பு வெள்ளையில் நம் ஊர்த் தோலைப் போல அழகாக விழுவது வேறில்லை. கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குவதற்குள் எத்தனை அடுக்கு! நல்ல நார்மல் பேப்பரில் நிதானமாகப் போட்டால் வியர்வையின் மினுப்பும் தெரியும், அதன் கீழே உள்ள கறுப்பும் தெரியும். அந்த அடுக்குகளை அழித்துவிட்டு எதற்குக் கறுப்பு வெள்ளை?

டெவலப்பர் நாங்களே கலப்பதுதான். டி-76 சூத்திரம் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இரண்டு கிராமை எதில் நிறுப்பது? டின்னில் பங்குபோட்ட ஒருவனின் அப்பா பொற்கொல்லர். அவர் கடையடைத்த பிறகு தங்கம் நிறுக்கும் தராசில் மெட்டாலை நிறுத்துப் பொட்டலம் கட்டுவோம். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. தட்டைத் துடைத்து வைக்கிறோமா என்று மட்டும் பார்ப்பார். சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாது என்பதால் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அதன்பின்தான் மிச்சம்.

புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்று சொல்லும். கோடையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஜெலட்டின் ஊறி நகம் பட்டால் வழண்டு வந்துவிடும். மண்பானைத் தண்ணீர் தெர்மாமீட்டரில் 26, 27 காட்டும். அதுதான் எங்கள் குளிர்சாதனம். சூடு ஏற ஏற நேரத்தைச் சுருக்க வேண்டும், ஒன்பது நிமிடக் கணக்கு ஐந்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் திட்டுத் திட்டாகக் கழுவும் என்பதால் முக்கியமான ரோல்களுக்குக் கடையில் ஐஸ் வாங்கி டப்பாவைச் சுற்றி வைப்போம். ஹைப்போவில் படிகாரம் சேர்த்தால் பிலிம் கொஞ்சம் இறுகும். அம்மா பானைத் தண்ணீர் குறைவதைக் கவனித்திருந்தாள். எதற்கென்று கேட்டதில்லை, இன்னொரு பானை வாங்கினாள்.

ஸோர்க்கி எனக்குக் கொடுத்த படங்களில் பாதி புதுமண்டபத்தில் எடுத்தவை. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். அப்போது அதன் சிற்பத் தூண்களுக்கு இடையே தையல் மிஷின்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகள். யாளியின் காலடியில் பாபின் டப்பா இருக்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து மட்டும் வரும், நடுவே போகப் போக இருட்டு. அப்பர்ச்சர் 2, வேகம் 1/30, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். கண்ணாடி எழும்பும் உதறல் இல்லாததால் 1/15இல்கூட சில படங்கள் நின்றன. ஸோர்க்கியில் இருந்த ஜுபிட்டர்-8 லென்ஸ் ஜெர்மன் ஸோனாரின் வழித்தோன்றல். மொத்தம் ஆறு கண்ணாடியை மூன்று தொகுதியாக ஒட்டிய அமைப்பு. உள்ளே காற்றைத் தொடும் பரப்புகள் குறைவு என்பதால் எதிர்வெளிச்சத்தில் பெரிதாக வெளுக்காது. தூண்களுக்கு நடுவே இருந்து தெருப்பக்கம் பார்த்து எடுக்க அது கைகொடுத்தது.

அங்கே ஒரு பாய் இருந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடுப்புத் தைப்பவர். சல்லடம், குல்லாய், ஜரிகை வைத்த சட்டை எல்லாம் பங்குனியிலேயே மலைபோல் குவியும். புதுமண்டபத்தில் அழகருக்கு உடுப்புத் தைத்தவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். அது அங்கே யாருக்கும் செய்தி அல்ல. மிஷினின் ஊசித் தண்டு செங்குத்துக் கோடு. போகஸுக்கு அதைவிட வசதி கிடையாது. அவர் கையை எடுத்துக்கொண்டே இருப்பேன். ஒருமுறை பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சியக் காணோமே தம்பி."

"கைதான் பாய் அழகா இருந்துச்சு."

"அது கெடக்கட்டும். இந்தச் சட்டை சேப்பு. ஓரத்துல வச்சது பச்சை. ரெண்டையும் ஒரே துணியாக்கிப்புட்டியே."

அவர் சொன்னது உண்மை. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரிகள், கறுப்பு வெள்ளை பிலிமுக்கு பெரும்பாலும் ஒரே சாம்பல். மஞ்சள்-பச்சை ஃபில்டர் போட்டால் பச்சை கொஞ்சம் வெளுக்கும், சிவப்பு ஃபில்டர் போட்டால் தலைகீழாகும். ஆனால் ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்னும். புதுமண்டபத்தில் தின்னக் கொடுக்க என்ன இருந்தது?

1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவோடு திருவண்ணாமலையில் இருந்தார். உடல் நலிந்து கிடந்த ரமணரைக் கடைசி நாட்களில் படமெடுத்தார். 14ஆம் தேதி இரவு வானத்தில் ஓர் ஒளி மலையை நோக்கி நகர்ந்து மறைவதைப் பார்த்துவிட்டு ஆசிரமத்துக்கு ஓடினார், மணி 8.47, ரமணர் அடங்கிய நேரம். அந்த ஒளியை அவர் சொல்லில்தான் விட்டுப்போனார். உலகத்தின் மிக வேகமான ரேஞ்ச்ஃபைண்டர்காரர் கண்ணால் பார்த்ததைச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். காரணம், என் பங்குக்கும் அப்படி ஒரு சாட்சியம் இருக்கிறது, அதை வீட்டில் ஒருவரும் ஏற்பதில்லை.

சித்திரைப் பௌர்ணமி, விடிகாலை, வைகை. அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் நேரம். பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும், சிவப்பு என்றால் கஷ்டம் என்பது மதுரைப் பக்கத்து நம்பிக்கை. கூட்டத்தில் கையைத் தூக்கவே இடமில்லை. தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மேலே விழுகிறது. வெளிச்சம் இன்னும் வரவில்லை. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, தூரத்தை முன்கூட்டியே வைத்து, குதிரையின் கழுத்து திட்டுக்குள் ஒன்றாகும் கணத்துக்குக் காத்திருந்து அழுத்தினேன். ஜன்னல் இருளவில்லை. நான் பார்த்தது பச்சை.

பிரிண்ட் நன்றாக வந்தது. குதிரையின் தலை, தீவட்டிகள், நனைந்த குல்லாய்கள், நடுவில் பட்டு. பட்டு சாம்பல் நிறம். வீட்டில் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வோல்ஃபன் ஆலை ஜெர்மனி இணைந்த பிறகு மூடிவிட்டது, ஊட்டி ஆலையும் இல்லை, புதுமண்டபக் கடைகளைச் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். படத்தைப் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. அன்று என்னோடு ஆற்றில் நின்ற அக்கா, அது சிவப்பு என்கிறாள். நான் ஜன்னலையும் கண்ணாடி எழும்பாத பொறியையும் எவ்வளவு விளக்கினாலும் அவளிடம் செல்லாது. அவளிடம் வேறு ஆதாரம் இருக்கிறது: அந்த வருஷம் ஆடிக்கு முன்னாலேயே எங்கள் தோட்டக் கிணறு வற்றிவிட்டதாம்.